அவசரம் பரிசீலனையில் உள்ளது

வங்கிகளைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். குறை தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் சொல்லப்போகிற இந்த அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஷிஃப்ட் தொடங்கும் முன் போனை அணைத்து டிப்போவின் பூட்டுப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. நல்ல விதிதான். ஆனால் பதினாறு வயது மகளை இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கும் நீச்சல் பயிற்சிக்கும் அனுப்பிவிட்டு கியர் போடுகிறவளுக்கு, அந்த விதி நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. மகளின் அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் இவர்கள் இருவர்தான். எந்த நிறுத்தத்திலாவது நீச்சல் பையோடு ஒரு பெண் நின்றால், அது தன் மகளில்லை என்று தெரிந்த பிறகுதான் அம்மா பஸ்ஸின் கதவை மூடுவாள்.

ஒருநாள் மகள் பர்ஸைத் தொலைத்துவிட்டு, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, நகரத்தின் பாதியை நடந்தே கடந்து வீடு வந்து சேர்ந்தாள். காலில் கொப்புளம். மகள் அதில் ஊசி குத்தி எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கிவிட்டாள். அம்மாவுக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

சோபா தைக்கும் வேலை பார்க்கிற அவளுடைய தம்பி ஒரு யோசனை சொன்னான்.

"அக்கா, அவ பையோட அடியில கொஞ்சம் பணத்தை வெச்சு நானே தச்சுக் குடுத்துடறேன். வெளிய தெரியாது. விஷயம் முடிஞ்சுது."

"பையைத் தொலைச்சா?"

"தொலைச்சா வேற பை, வேற தையல். என்கிட்ட நூல் நிறைய இருக்கு."

அம்மாவுக்கு அது யோசனையாகவே படவில்லை. அவள் ஓட்டுகிற பஸ்ஸின் முதுகில் பல மாதங்களாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. 'அவசரத்தில் உங்கள் பிள்ளைக்குத் தோள் கொடுக்கும் அட்டை' என்று எழுதி, ஒரு பெண் கிரெடிட் கார்டைக் கன்னத்தில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைத் தினமும் ஊர் முழுக்கச் சுமந்து காட்டியவள் அம்மாதான். அந்தத் தோள், தைத்த பையில் இல்லை, வங்கியில்தான் இருக்கிறது என்று அவள் முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை.

அவசர அட்டைப் பிரிவு வங்கியின் நான்காவது மாடியில் இருந்தது. அங்கே அவசரத்தின் அடையாளம் ஒன்றும் தென்படவில்லை. ஒருவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சீவிய பென்சில்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் மகளும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் வலது கால் தரையில் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். கனிவான மனிதர். கேட்பவர் தூங்கிவிடக்கூடிய அளவுக்குக் கனிவு.

"மேடம், பணம் குடுக்கறது எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல," என்றார். "யாருக்கு வேணாலும் குடுப்போம். ஆனா அவசரத்துக்குன்னு கேக்கறீங்க பாருங்க, அங்கதான் நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். அவசரத்துல இருக்கறவங்க கையில பணம் போனா, அதை அவங்க செலவு பண்ணிடறாங்க. இது எங்க அனுபவம்."

"சார், அதுக்குத்தானே அட்டை?"

"அட்டை அதுக்குத்தான். ஆனா அவசரத்தை நாங்க ஊக்குவிக்கறது கிடையாது."

அம்மா சிறிது யோசித்துவிட்டு, "அவசரம் இல்லாம சாதாரணமா ஏதாவது வாங்கினா?" என்று கேட்டாள். மகள் தண்டச் செலவு செய்துவிடுவாளோ என்பது அவளுடைய இன்னொரு கவலை.

"அதை நாங்க ஏன் மேடம் கேக்கப்போறோம்? செருப்பு, சென்ட்டு, ஹெட்போன், என்ன வேணாலும் வாங்கட்டும். பிள்ளைங்களோட சந்தோஷத்துல வங்கி தலையிடறதே இல்ல."

ஆனால் அட்டையைக் கையில் கொடுக்கும் முன் மகள் ஒரு வகுப்பில் தேற வேண்டும் என்றார். அதற்கு அவசரப் பழக்க வகுப்பு என்று பெயர். அம்மா விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

வகுப்பு ஒரு கம்பள அறையில் நடந்தது. உதவி அலுவலர் ஒருவர் கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் நாற்காலியில் போட்டுவிட்டு, மெதுவாகத் தரையில் படுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"இவர்தான் உன் சிநேகிதி," என்றார் பிரிவுத் தலைவர். "மயங்கி விழுந்துட்டாங்க. நீ என்ன பண்ணுவே?"

மகள் சட்டென்று மண்டியிட்டு அலுவலரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கழுத்து டையைத் தளர்த்தினாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன். அப்புறம் அம்மாவோட டிப்போவுக்குச் சொல்லுவேன். அவங்க ரேடியோவுல அம்மாவுக்குச் சொல்லிடுவாங்க."

"வங்கி?"

"மயங்கி விழுந்ததுக்கு வங்கி எதுக்கு சார்?"

கீழே கிடந்த சிநேகிதி கண்ணைத் திறக்காமலே உச்சுக் கொட்டினார். மகள் தேறவில்லை.

மறுவாரம் அதே அலுவலர் மறுபடி மயங்கி விழுந்தார். மகள் இந்த முறை உஷாராக, "முதல்ல அட்டையை எடுப்பேன்," என்றாள். கை அட்டைக்கு இவ்வளவு வேகமாகப் போவது ஊதாரித்தனத்தின் அறிகுறி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குரல் பயிற்சியும் இருந்தது. போனில் பதறிப் பேசினால் மோசடி என்று சந்தேகப்படுவார்களாம். பதறாமல் பேசினால் அவசரமே இல்லை என்று வைத்துவிடுவார்களாம். இரண்டுக்கும் நடுவே வங்கி ஒப்புக்கொள்கிற ஒரு பதற்றம் இருக்கிறது. அதை ஹார்மோனியம் வைத்துச் சொல்லிக்கொடுக்காததுதான் பாக்கி.

மூன்றாவது வாரம் மகள், படுத்திருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முதல் அழைப்பு வங்கிக்கு. வங்கி சொல்ற வரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்," என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். தரையில் கிடந்தவரும் தட்டினார்.

அவசர மையத்தின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பது வங்கியின் கட்டளை. அதை அம்மா தலைமேல் ஏற்றுக்கொண்டாள். மகள் பல் துலக்கும்போது கேட்டாள், ஷூ லேஸ் கட்டும்போது கேட்டாள். ஒரு எண் தடுக்கினால் தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். "பேங்க்ல சொன்ன மாதிரியே செய்யணும் கண்ணு. நீயா எதையாவது பண்ணி வெச்சுடாத," என்று தினமும் படித்துப் படித்துச் சொன்னாள். மகளும் சொன்னபடி கேட்கிற பெண். கெட்டது அங்கேதான்.

அட்டை வந்தது. சிவப்பு நிறம், பளபளப்பு. அம்மா அன்று வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நீச்சல் போட்டி ஒன்று ஊருக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக நிற்கிற பக்கம் ஒரு குளத்தில் நடந்தது. மழையால் போட்டி இழுத்துக்கொண்டே போய் முடிந்தது. மற்றப் பிள்ளைகளை அவரவர் வீட்டு வண்டிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மகள் நிறுத்தத்துக்கு வந்தாள். பஸ் வரவில்லை. மழை விடவில்லை, வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது. மோட்டார் பைக்கில் இரண்டு பேர் அவளைக் கடந்து போனார்கள். திரும்பி வந்தார்கள். மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு டாக்ஸி வந்தது. அட்டை என்றால் ஏறும்போதே போட்டுவிட வேண்டும் என்று சொல்லி ஓட்டுநர் சின்ன மெஷினை நீட்டினார். அட்டையைச் செருகியதும் திரை கேட்டது: 'இது அவசரமா?' மகள் பொய் சொல்லி வளர்ந்தவளில்லை. 'ஆம்' என்று அழுத்தினாள்.

'உங்கள் அவசரத்துக்கு வருந்துகிறோம். அவசர மையத்தை அழைக்கவும். அனுமதி கிடைக்கும் வரை இந்த அட்டையில் பயணச் செலவுகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன' என்றது திரை.

மகள் போன் செய்தாள். மறுமுனையில் தேன் தடவிய குரல் ஒன்று எடுத்தது.

"வணக்கம். உங்க அவசரம் எந்த வகை? விபத்தா, நோயா, திருட்டா?"

"பஸ் வரல. இருட்டிக்கிட்டு வருது. பைக்ல ரெண்டு பேரு சுத்திச் சுத்தி வர்றாங்க."

"அவங்க உங்களை ஏதாவது செஞ்சாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்படின்னா அது வரப்போற அவசரம். அதை இப்ப பதிவு பண்ண வசதி இல்ல. நடந்ததும் கூப்பிடுங்க."

"நடந்த பிறகு நான் எப்படிங்க கூப்பிடறது?"

"இதே நம்பர்தான். நாங்க எப்பவும் இருப்போம்."

டாக்ஸி ஓட்டுநர் நல்ல மனிதர். கண்ணாடியை இறக்கி, "பணம் கிடக்கட்டும், நீ ஏறும்மா. வீட்டுல யார்கிட்டயாவது வாங்கிக்கறேன்," என்றார். மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"உங்க பக்கத்துல யாரோ பேசற மாதிரி இருக்கு," என்றது குரல். "மதிப்பீடு நடக்கும்போது வேற யார்கிட்டயாவது பேசினா முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்."

மகள் வாயை மூடிக்கொண்டாள். பயிற்சி அப்படி. ஓட்டுநரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். வேண்டாம், போங்கள் என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். தெரியாத ஆளின் வண்டியில் ஏறப் பயப்படுகிற பெண்ணை வற்புறுத்தக்கூடாது என்ற நாகரிகம் தெரிந்தவர். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். அதை நிறுத்த அவள் பின்னாலேயே ஓடியதில் போன் மழையில் நன்றாக நனைந்து, ஒருமுறை சிணுங்கிவிட்டுச் செத்துப்போனது.

பக்கத்தில் ஒரே ஒரு கடையில்தான் விளக்கு எரிந்தது. சைக்கிள் கடை. உள்ளே விற்பனைப் பெண் ஒருத்தி பூட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். மகளைப் பார்த்ததும் துடைக்கத் துணி கொடுத்து, மேஜைமேல் இருந்த கடைப் போனை நகர்த்தி வைத்தாள். "வீட்டுக்குக் கூப்பிடும்மா."

மகள் ரிசீவரை எடுத்தாள். விரல் எண்களின்மேல் நின்றது. அம்மாவின் எண், டிப்போவின் எண், மாமாவின் எண் எல்லாம் செத்த போனுக்குள் பத்திரமாக இருந்தன. உலகத்தில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். அதை அழுத்தினாள்.

அதே குரல் எடுத்தது. பதிவு செய்யாத எண்ணிலிருந்து ஒரே நாளில் இரண்டாவது அவசரமா என்று சந்தேகப்பட்டது. அவளுடைய அவசரம் பரிசீலனையில் இருப்பதாகவும், நிதானமாக இருக்கும்படியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

தெருவின் எதிர்ப்பக்கம் பைக் வந்து நின்றது. இரண்டு பேரும் இறங்கவில்லை. கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு சைக்கிள் கடனாக் குடுப்பீங்களா? நாளைக்கே கொண்டுவந்துடறேன்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லையேம்மா. விக்கத்தான் முடியும்."

மகள் கைக்கு எட்டிய சைக்கிளை வெளியே இழுத்தாள். பிறகு சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினாள். மெஷின் கேட்டது: 'இது அவசரமா?' அவள் எதிர்ப்பக்கம் நின்ற பைக்கை ஒருமுறை பார்த்தாள். வாழ்க்கையில் முதல் பொய்யாக 'இல்லை' என்று அழுத்தினாள். மெஷின் சின்னதாக ஒரு ராகம் பாடியது. 'மகிழ்ச்சியான கொள்முதலுக்கு வாழ்த்துகள்' என்றது. கடையிலேயே விலை கூடிய சைக்கிள் அது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

விற்பனைப் பெண் பின்பக்கக் கதவைத் திறந்து விட்டாள். கிடங்குகளுக்கு நடுவே புகுந்து மகள் மிதித்தாள்.

இங்கே டிப்போவில் அம்மா ஷிஃப்ட் முடிந்து போனை எடுத்தபோது வங்கியிலிருந்து ஒரு செய்தி இருந்தது. 'உங்கள் பிள்ளையின் அவசரம் பரிசீலனையில் உள்ளது. தயவுசெய்து கவலைப்பட வேண்டாம். பெற்றோரின் கவலை மதிப்பீட்டைப் பாதிக்கலாம்.' மகளைக் கூப்பிட்டாள், மணியே அடிக்கவில்லை. வங்கியைக் கூப்பிட்டாள்.

"என் பொண்ணு எங்க இருக்கா?"

"உங்க மக எங்கேர்ந்து பேசினாங்கன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும் மேடம். ஆனா அது வாடிக்கையாளர் ரகசியம். பெத்தவங்களாவே இருந்தாலும் சொல்றதுக்கில்ல."

"ஐயோ, அவளுக்கு என்ன ஆச்சு? அதையாவது சொல்லும்மா."

"ஒண்ணும் ஆகல மேடம். அதனாலதான் அனுமதி தரல."

அம்மா போனைத் தரையில் ஓங்கி அடிக்கப்போனாள். மகள் கூப்பிடுவாளே என்று நிறுத்திக்கொண்டாள். டிப்போவின் கட்டுப்பாட்டாளர் எதுவும் கேட்கவில்லை. ரேடியோவை எடுத்து எல்லா பஸ்களுக்கும் சொன்னார். "நம்ம டிரைவரம்மாவோட பொண்ணைக் காணோம். நீச்சல் பை வெச்சிருக்கும். எல்லாரும் ரோட்டைப் பாருங்க." அம்மா நுழைவாயிலுக்கும் ரேடியோவுக்கும் நடுவே நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். ஒவ்வொரு ஓட்டுநரும் தான் பெற்ற குழந்தையைத் தேடுவது போலத் தேடி, தன் தெருவைச் சொல்லி, இல்லை, இல்லை என்றார். அந்த 'இல்லை'கள் ஒவ்வொன்றும் அம்மாவின் நெஞ்சில் விழுந்தன.

பிறகு ஒரு குரல் வந்தது. "முதுகுல நீச்சல் பையோட ஒரு பொண்ணு சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வருது. அதுக்கு வெளிச்சம் இருக்கட்டும்னு பின்னாலயே மெதுவா வர்றேன். உள்ள பாசஞ்சர்ங்க திட்டறாங்க, திட்டட்டும்."

டிப்போ வாயிலில் முதலில் சைக்கிள் நுழைந்தது, அதன் பின்னால் முழு பஸ்ஸும் நுழைந்தது. அம்மா ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். திட்டத்தான் வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. புது சைக்கிள் எப்படி வந்தது என்று கேட்க அவளுக்கு அன்று தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வங்கி அவர்களை விழாவுக்கு அழைத்தது. மாலை போட்ட மைக், மேஜைமேல் பூச்செண்டு, சுவரில் மகளின் பெரிய படம். மயங்கி விழுகிற அலுவலர் இன்று நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தார். பிரிவுத் தலைவர் பேசினார்.

"இந்தக் குழந்தையால நாங்க பெருமைப்படறோம். இருட்டு, மழை, பக்கத்துல ஆபத்து. அப்பவும் இந்தக் குழந்தை முதல்ல யாரைக் கூப்பிட்டுச்சு? எங்களை. போன் கெட்டுப்போச்சு. ஒரு கடையில போன் கிடைச்சுது. அப்ப யாரைக் கூப்பிட்டுச்சு? பெத்த அம்மாவைக் கூப்பிட்டுச்சா? இல்ல. மறுபடியும் எங்களை. ஏன்னா மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான்னு அந்தக் கடைக்காரங்களே சொன்னாங்க. இதைவிட ஒரு வங்கிக்கு என்ன வெற்றி வேணும்? நாங்க அன்னிக்கு ஒரு காசுகூடக் குடுக்கல. அப்படியும் ஒரு குறையும் வரல. அவசரத்துல வங்கி உதவலேன்னாலும் மனுஷங்க எப்படியோ சமாளிச்சுக்கறாங்கன்னு இந்தக் குடும்பம் நிரூபிச்சிருக்கு. பரிசீலனை இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நல்ல முடிவை எதிர்பார்க்கலாம்."

கைதட்டல் அறை முழுக்க எழுந்தது. அம்மா மட்டும் தட்டவில்லை. கடையில் போன் கிடைத்தும் மகள் தன்னை விட்டுவிட்டு வங்கியைக் கூப்பிட்டது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் எழுந்து மேடைக்குப் போனாள். சிவப்பு அட்டையைப் பூச்செண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்கு மாடியும் படியிலேயே இறங்கினாள்.

பஸ் நிறுத்தம் வரை அதே வேகத்தில் நடந்தாள். வந்ததும் வெடித்தாள்.

"பெத்தவ நம்பர்கூடவாடி உனக்குத் தெரியாது? வருஷக்கணக்கா அதே நம்பர். என்னைக்காவது மாத்தியிருக்கேனா?"

"போன்ல இருக்கும்மா. அம்மான்னு அழுத்தினா போயிடும். யாரு பார்த்தா?"

"பார்க்கணும்டி. எனக்கு ஒண்ணுன்னா, உனக்கு ஒண்ணுன்னா..."

"என் நம்பர் உனக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன, என்றாள் அம்மா. முதல் மூன்று எண்ணை அதட்டலாகச் சொன்னாள். நான்காவதில் குரல் இறங்கியது. ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லி, இல்லை என்று மாற்றினாள். வாயில் அடுத்து வரிசையாக, தடுக்காமல், வங்கியின் எண் வந்தது. அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மகள் சிரிக்கவில்லை. நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து தன் எண்ணை மெதுவாகச் சொன்னாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் சொன்னாள். பிறகு அம்மா தன் எண்ணைச் சொல்ல, மகள் பின்னால் சொன்னாள். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய பஸ் வந்து கதவைத் திறந்தது. அம்மாவுக்கு மகளின் எண்ணில் கடைசி நான்கும் இன்னும் முன்பின்னாக வந்துகொண்டிருந்ததால், நீ போ என்று ஓட்டுநருக்குக் கையைக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.